எண்பதுக்கு மேலே பயம்

எங்கள் வீட்டில் என் பிரஷரைத் தவிர வேறெதுவும் வேகமாக ஏறாது என்பாள் என் மனைவி. உண்மைதான். புது ஃபோன் வாங்கியபோது கூடவே குண்டாக ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் கொடுத்தார்கள். அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய ஃபோனின் சின்ன சார்ஜரில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செருகினால் சாப்பிட்டுப் படுக்கும்போதுகூட பாதிதான் ஏறியிருக்கும். ஏறட்டுமே, நமக்கென்ன அவசரம்?

எனக்குக் காரணம் இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்கு வந்தவன் நான். படித்த பாடமெல்லாம் தண்ணீர்ப் பாடம். போர் தண்ணியை ஒரேயடியாக நாற்றங்காலில் திறந்துவிட்டால் விதை அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் ஒதுங்கும். புது வரப்பு பொத்துக்கொள்ளும். மடையை மண்வெட்டியால் கொஞ்சமாகக் கொத்திவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கரண்டும் அப்படித்தானே இருக்கும்? இத்தனூண்டு ஃபோனுக்குள் அத்தனை கரண்டையும் ஒரே மூச்சில் விட்டால் எந்த வரப்பு எங்கே உடையுமோ!

மனைவி தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேபில் வேலை பார்க்கிறாள். திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து தினமும் போய்வர எலெக்ட்ரிக் கார் வாங்கினாள். ஷோரூமில் கார் விற்கிற பையன், "ஃபாஸ்ட் சார்ஜிங் சப்போர்ட் இருக்கு சார்" என்றான்.

"சப்போர்ட்டுன்னா? வாழைக்கு முட்டுக் குடுக்கற மாதிரியா?" என்று கேட்டேன்.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாங்கும்னு அர்த்தம் சார்" என்றான்.

"வண்டி தாங்கும்ப்பா. இவருதான் தாங்க மாட்டாரு" என்றாள் மனைவி.

தாங்கத்தான் இல்லை. வீட்டுக் கொட்டகையில் ராத்திரியெல்லாம் மெல்ல மெல்லத்தான் அந்தக் காருக்குக் கரண்ட் விட்டோம். அப்படியே காலம் போயிருக்கும். அதற்குள் என் தங்கச்சி மகளுக்குக் காது குத்து வைத்தார்கள்.

காது குத்துக்குப் பந்தல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பந்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தாய்மாமன் மடி வேண்டும். மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். தங்கச்சிக்கு நான் ஒரே அண்ணன். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் நாகப்பட்டினம் தாண்டிக் கடலோரத்தில். புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் நான் போய் உட்கார்ந்தாக வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அடித்த காற்றில் எங்கேயோ மரம் விழுந்து லைன் போய்விட்டது. விடிந்தும் வரவில்லை. காரில் பாதிகூட இல்லை, ஃபோனில் கால்வாசி இல்லை. சீர்த்தட்டு, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தோடு, மாலை எல்லாவற்றையும் பின்சீட்டில் ஏற்றியாகிவிட்டது. நான் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"திருவாரூருக்கு முன்னாடி ஒரு ஓட்டல்ல ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு. அங்க போட்டுக்கலாம், ஏறுங்க" என்றாள்.

"ஏம்மா, வெடிச்சிடாதே?"

"நீங்க வெடிக்காம வந்தா போதும்."

ஓட்டல் வாசலில் வேப்பமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து தொங்கிய கனமான குழாய்க்குப் பேர் கன் என்றார் வாட்ச்மேன். துப்பாக்கி! மனைவி அதைத் தூக்கிக் காரில் செருகினாள். பெட்டி 'ஓ'வென்று இரைய ஆரம்பித்தது. நான் மாமரத்துக்கு மருந்தடிக்கிறவன் மாதிரி நாலடி தள்ளி நின்றுகொண்டேன்.

சாப்பிடப் போனோம். மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் அவள் என் ஃபோனைச் செருகினாள். பார்த்தால், பீரோவில் பூட்டி வைத்த அதே குண்டு சார்ஜர்!

"சாவி எங்க கெடைச்சுது?"

"நீங்க ஒளிச்சு வைக்கற எடம் ஒண்ணே ஒண்ணுதான். அரிசி டின்னு."

பொங்கல் ஒரு வாய், ஃபோன் சுடுகிறதா என்று ஒரு தொடல். வடை ஒரு கடி, இன்னொரு தொடல். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, பொங்கல் அளவுக்குக்கூட இல்லை. காபி வருவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அப்போது மணி அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், எங்க இருக்கீங்க? புள்ளைக்கு மொட்டை போட்டாச்சு. ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. மடிதான் வரல."

"இதோ, கெளம்பிட்டோம்" என்றேன். எல்லாரும் சொல்கிற இதோதான் அது.

வெளியே வந்தோம். காரில் எழுபது தாண்டியிருந்தது. "போதும், எடுங்க" என்றாள் மனைவி. எனக்கு மனசு வரவில்லை.

"நூறு வந்துடட்டும்மா. வழியில பாலத்துல மறிச்சுச் சுத்தி வுட்டா?"

"எவ்வளவு சுத்தினாலும் இது போதும்."

"யாராவது ஒடம்பு சரியில்லாதவங்கள ஏத்திக்க வேண்டி வந்தா?"

"பத்து பேரை ஏத்துங்க. மொதல்ல வண்டிய எடுங்க."

எடுக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் எழுபது ஏறியதே, மிச்ச முப்பது எம்மாத்திரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். எழுபத்தைந்து, எண்பது வரைக்கும் ஓடி வந்த எண் அதற்குப் பிறகு நடக்க ஆரம்பித்தது, அப்புறம் நின்று நின்று வந்தது. வெயில் வேப்பமரத்தைத் தாண்டி என் காலுக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் இன்னொரு எலெக்ட்ரிக் கார் வந்து எங்கள் பின்னால் நின்றது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அந்த அம்மா இறங்கி வந்தார்.

"அண்ணே, எவ்வளவு ஆயிருக்கு?"

"எண்பத்தி நாலு."

"அப்ப எடுத்துடலாம்ல?"

"நூறு வந்ததும் எடுத்துடறேன் தங்கச்சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊருண்ணே?"

"திருவையாத்துப் பக்கம்."

"அதானே பாத்தேன்!" காருக்குள் இருந்த புருஷனிடம் திரும்பி, "என்னங்க, தலைமடைக்காரங்க. இன்னைக்கு நமக்குத் தண்ணி வராது, சீட்டைச் சாய்ச்சுத் தூங்குங்க" என்றார். பிறகு என்னிடம், "நாங்க வேதாரண்யம் பக்கம்ணே. ஆத்துல தண்ணி வுட்டா நீங்க நாத்தே வுட்டு முடிச்சப்புறந்தான் எங்க வாய்க்கால் நனையும். கரண்ட்லயுமா எங்களைக் கடைமடை ஆக்குவீங்க?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. "அப்படியில்ல தங்கச்சி, காது குத்துக்குப் போறோம், நான் தாய்மாமன், நடுவழியில நின்னுடக் கூடாதுன்னு..."

"தாய்மாமனா? இங்கயா நிக்கிறீங்க?" என்று நெஞ்சில் கை வைத்தார். "வயல் ரொம்பினப்புறம் மடையைத் தொறந்தே வச்சா என்னண்ணே ஆவும்?"

"வழிஞ்சு வடிகாலுக்குப் போவும்."

"அப்பறம் என்ன? இங்க பாருங்க." பெட்டியின் திரையில் ஒரு ஓரத்தில் இருந்த எண்ணைக் காட்டினார். நான் அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். "இது எவ்வளவு வேகத்துல ஏறுதுங்கற கணக்கு. நீங்க வந்தப்ப நாப்பதுல ஓடியிருக்கும். இப்ப பத்துதான். எண்பதுக்கு மேல வண்டியே மடையைச் சுருக்கிக்கும்ணே. மிச்சத்தை ரொப்பணும்னா முன்ன ஆன நேரம் திரும்ப ஆவும்."

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்த வயலுக்கு முழுத் தண்ணி, ரொம்பி வரும்போது கொஞ்சங் கொஞ்சமாகச் சுருக்கு. இது என் பாடமல்லவா! வரப்பு உடைந்துவிடுமே என்று இத்தனை நாளும் நான் பயந்தேன். எனக்கு முன்னாலேயே அந்த வண்டி பயந்து, மண்வெட்டியோடு மடையில் நிற்கிறது. அதன்மேல் முதல்முறையாக எனக்கு ஒரு ஒட்டுதல் வந்தது.

கன்னை நானே உருவினேன். அதுவரை நான் அதைத் தொடவே இல்லை.

"காதுல மெதுவாக் குத்தச் சொல்லுங்க" என்று அந்த அம்மா கையசைத்தார்.

நாகூர் ரோட்டு நெரிசலில் மாட்டி, ரயில்வே கேட்டில் நின்று, கோயில் வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளை வாட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மச்சானுக்குச் சார்ஜ் ஏறிடுச்சா?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. கால் கழுவிக்கொண்டு ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, மருமகளை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அண்ணே, கண்ணைத் தொற. முடிஞ்சுடுச்சு" என்றாள் தங்கச்சி.

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும். ராகு காலமும் பொறக்கல."

குழந்தை அழவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. அதற்கப்புறம்தான் வீறிட்டு அழுதது. "ஊசிக்கு அழாத புள்ளை மாமன் மூஞ்சியப் பாத்துல்ல அழுவுது!" என்றார் மாப்பிள்ளை. கோயிலே சிரித்தது. பட்டுப்பாவாடையையும் தோட்டையும் கொடுத்துவிட்டுக் குழந்தையை நான் இறக்கவே இல்லை. சாப்பாட்டுப் பந்திவரை என் தோளில்தான் கிடந்தது.

காரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது என்பதை மனைவி எல்லாரிடமும் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

திரும்பும்போது அதே ஓட்டலில், அதே வேப்பமரத்தடியில் போட்டோம். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அந்த ஓரத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்லக் குறைய ஆரம்பித்ததும் கன்னை உருவினேன்.

"எவ்வளவு?" என்றாள் மனைவி.

"எண்பத்தி ரெண்டு."

"எண்பதுதானே அந்த அம்மா சொன்னாங்க?"

"மேல ரெண்டு என் பயத்துக்கு" என்றேன்.