ஆம்பூல் இருக்கா?

தணிகாசலம் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார். கோட்டக்குப்பம் பக்கமிருந்து காவி வேட்டியும் காவிப் புடவையுமாக ஒரு கூட்டம் முத்தியால்பேட்டைக்குள் நுழைந்தால் போதும், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கால்களை நோட்டம் விடத் தொடங்கிவிடுவார். யார் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நடக்கிறார், யார் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றுகிறார் என்பது பத்தடி தூரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். உடனே கையை நீட்டி மறிப்பார்.

"நில்லுங்க, நில்லுங்க. ஆம்பூல் இருக்கா?"

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையோடு நடந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களிடம் வழியில் யாரும் கேட்காத கேள்வி இது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பழைய ஆட்களுக்கு ஆம்பூல் என்றால் பல்பு. வெளியூர்க்காரர்களுக்கு அதுவும் தெரியாது. அவர்கள் மிரண்டுபோய், "அதெல்லாம் எங்ககிட்ட இல்லீங்க" என்று நகரப் பார்ப்பார்கள். "இருக்குது. இடது கால்ல ரெண்டு இருக்குது. உக்காருங்க" என்பார் இவர். உட்கார்ந்த பிறகுதான், அவர் காட்டுவது தங்கள் பாதத்தில் உப்பியிருக்கும் கொப்புளத்தை என்று அவர்களுக்குப் புரியும்.

வருஷத்தில் பதினொரு மாதம் இவர் எலெக்ட்ரீசியன். வயது அறுபத்து மூன்று. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனாலும் டெஸ்டர் கூடவே போகும். முதன்முதலில் என் வீட்டு மின்விசிறியைப் பார்க்க வந்தபோது ஸ்டூலில் ஏறி, ஒரு நிமிஷம் விசிறியையே உற்றுப் பார்த்துவிட்டு இறங்கினார். "கரண்டு கோவக்காரன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அவன் வெக்கக்காரன் சார். வழி உட்டா பேசாம போயிடுவான். நீங்கதான் வழிய அடைச்சி வெச்சிருக்கீங்க" என்றார். நான் அடைத்து வைத்திருந்தது ஒட்டடை. விசிறி அன்றிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது.

ஆகஸ்ட் கடைசியில் மட்டும் அவரை வேலைக்குக் கூப்பிட முடியாது. உங்கள் வீடே இருண்டு கிடந்தாலும் வரமாட்டார். வெந்நீர், கல்லுப்பு, நீலநிற டப்பு, பஞ்சு, ஸ்பிரிட், ஊசி, இவற்றோடு வாசலில் இருப்பார். சன்னல் கம்பியில் நீள ஒயரோடு ஒரு குண்டு பல்பு தொங்கும். ஊரெல்லாம் எல்இடி மாட்டிவிடுகிற மனுஷன், இதற்கு மட்டும் பழைய மஞ்சள் பல்புதான் வேண்டும் என்கிறார். "வெள்ள வெளிச்சத்துல தோலும் ஒண்ணுதான், சீழும் ஒண்ணுதான். மஞ்சள்லதான் உண்மை தெரியும்." அடுத்த வீட்டு நர்ஸ் சுடர்விழி அவருக்குக் கையுறை போடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பெண்கள் வந்தால் அவளே வந்து பார்ப்பாள். கொரோனாவில் யாரும் நடக்காத காலம் தவிர மற்ற வருஷமெல்லாம் இதே கதைதான்.

இந்த வைத்தியம் எங்கே கற்றது என்று கேட்டால், "ஜீத்துல" என்பார். கேட்டவர் அது ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வார். அது பிரான்சில் நடைபயணிகள் தங்கும் விடுதி.

தணிகாசலத்தின் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா', அதாவது சிப்பாய். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. மொழிதான் இல்லை. பழைய வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் வயரிங் செய்தபோது பொறுக்கிய பத்துப் பதினைந்து சொற்கள், அதில் பாதி மின்சாரச் சாமான்கள். மகன் கலைவாணன் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஏழு வருஷத்துக்கு முன் அவன் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை ஒரு கிலோகூட இல்லை. நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. பறந்தடித்துக்கொண்டு போன தணிகாசலமும் அவர் மனைவி செல்வாம்பாளும் ஆஸ்பத்திரி நடையிலேயே குடியிருந்தார்கள். ஒருநாள் செல்வாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு, "புள்ள பொழச்சி வீட்டுக்கு வந்தா நடந்தே வர்றேன் சாமி" என்று வேண்டிக்கொண்டார். அவசரத்தில் எந்தச் சாமி என்று சொல்லவில்லை.

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. சுவேதா என்று பேர் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பி மயிலம் முருகனுக்கு நடந்துவிடலாம் என்று தணிகாசலம் சொன்னதற்குச் செல்வாம்பாள் ஒப்பவில்லை. "அந்த ஊர்ல கும்புட்டது அந்த ஊர் சாமிக்குத்தான் கேட்டிருக்கும்." மகனுடைய குடியிருப்பிலேயே தேவதாஸ் என்ற காரைக்கால் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வழி சொன்னார். பக்கத்திலேயே லு புய் என்று ஓர் ஊர், அங்கிருந்து ஸ்பெயின் கடைசி வரைக்கும் ஆயிரம் வருஷமாக மக்கள் நடக்கிற பாதை இருக்கிறது, முழுக்க நடக்க இரண்டு மாதம் ஆகும், கோங்க் என்ற ஊர்க் கோயில் வரை என்றால் பத்து நாள். ஆனால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி விட வேறு ஆள் இல்லை. செல்வாம்பாளின் முட்டியும் அப்போதே பழுது. "நீ புள்ளயப் பாரு. நான் நடக்கறேன். வேற வேறயா நாம?" என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் கிளம்பினார்.

முதல் நாளே இருபத்தைந்து கிலோமீட்டர், புது பூட்ஸ். சாயங்காலம் விடுதிக்குள் தாங்கித் தாங்கி நுழைந்தபோது, அதை நடத்துகிற எழுபது வயது அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்து ஏதோ கேட்டாள். அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். ஆம்பூல்.

"சார், எனக்கு உயிரே வந்துடுச்சி. அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே வெசயத்தக் கேக்கறா. உய், உய்னு, ஆமா ஆமான்னு தலய ஆட்டிட்டு மேல பாத்தன். ஒரு பல்பு மினுக் மினுக்குனு இருந்துச்சி. அதான்னு நெனச்சி டெஸ்டர எடுத்துட்டேன்."

அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி, பல்பைக் கழற்றி, ஹோல்டரைச் சரிசெய்து, எரியவிட்டுத்தான் இறங்கினார். அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் வாயைப் பிளந்தார்கள். பிரெஞ்சில் பல்புக்கும் கொப்புளத்துக்கும் ஒரே சொல்தான் என்று இவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒரு டப்பில் வெந்நீர் கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டு, இவர் காலை எடுத்து அதில் வைத்தாள்.

இந்த இடத்துக்கு வரும்போது தணிகாசலம் எப்போதும் குனிந்து தன் காலைப் பார்ப்பார். "எங்கம்மாவுக்கு அப்பறம் என் கால யாரும் தொட்டுக் கழுவுனதில்ல சார். நான் கால இழுக்கறேன், அவ உடமாட்டேங்கறா. மெர்சி மெர்சின்னு நாப்பது வாட்டி நன்றி சொல்லியிருப்பன். பேரு என்னான்னுகூடக் கேக்கல பாருங்க, முட்டாப்பய நான்."

பத்து நாளும் பத்து விடுதிகள். அவர் சொல்லக் கேட்டால் ஏதோ சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். செருப்பு, பூட்ஸ் எல்லாம் கோயில் மாதிரி வெளியேதான். ராத்திரி உப்புச் சப்பில்லாத சூப். இவர் மாத்திரை டப்பியில் கொண்டுபோன மிளகாய்ப்பொடியை மூன்றாம் நாள் ஒரு ஜெர்மன்காரர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுகக் கை கொடுத்தாராம். ஒவ்வொரு விடுதியிலும் ஓர் அட்டையில் முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த அட்டையை லேமினேட் செய்து வீட்டு மெயின் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மீட்டர் பார்க்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துப் படிக்கிறார்.

எல்லாம் சரி. செல்வாம்பாளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"வேண்டுனது நானு, நடந்தது இவரு. இவரு காலு வலிச்சா என் வேண்டுதல் தீந்துடுமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். நான் தெருமுனைக் கடைக்கே வண்டியில் போகிறவன். பேத்திக்கு அங்கே சளி பிடித்தால் இங்கே இந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. "நான் நடக்கல, அதான்" என்பார். போன வருஷம் சுவேதா பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அதற்கும் அதுதான் காரணம். மருத்துவர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியிருக்கிற முட்டியை வைத்துக்கொண்டு இனி எங்கே நடப்பது? அந்த ஆற்றாமையெல்லாம் ஆகஸ்டில் கணவர் மேல் திரும்பும். "நடந்ததும் இவரு, கழுவறதும் இவரு. எனக்கு என்னாதான் மிச்சம்?" சன்னல் வழியாக மோர் தம்ளர்களை நீட்டுவாரே தவிர, அந்த ஒரு வாரமும் வாசற்படி தாண்ட மாட்டார்.

போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், நானும் அவர் வாசலில் இருந்தேன். தூறல். கூட்டமெல்லாம் ஊருக்குள் போய்விட்டது. கடைசியாக ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், கல்பாக்கம் பக்கத்து மீனவக் குப்பம், பெயர் பூவாயி. வெறுங்கால். இரண்டு குதிகாலும் வெடித்து, அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம். உடன் வந்தவர் குழுத் தலைவர் சாமிக்கண்ணு. மற்றவர்களை முன்னால் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, இவளை வேளாங்கண்ணி பஸ்ஸில் ஏற்றிவிட அழைத்துப்போய்க்கொண்டிருந்தார்.

தணிகாசலம் மறித்து உட்காரவைத்துவிட்டார். ஆனால் டப்பை நகர்த்தியதும் பூவாயி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம் ஐயா. நீங்க பெரியவரு. ஆம்பளயாளு வேற. ஒங்க கையில கால குடுத்தா எனக்குத்தான் பாவம்."

சுடர்விழிக்கு அன்று ஆஸ்பத்திரியில் டூட்டி. தணிகாசலம் கெஞ்சிப் பார்த்தார். "நான் ஒனக்கு அப்பா மாதிரிம்மா." அவள் அசையவில்லை.

"புடிவாதம் புடிக்காத பூவாயி. பேசாம பஸ்ஸு ஏறு. மாதா கோச்சிக்க மாட்டாங்க" என்றார் சாமிக்கண்ணு.

அதற்குத்தான் அவள் அழ ஆரம்பித்தாள். "எப்பிடிண்ணே ஏறுவேன்? எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போன போட்டு மூணு நாளு காணாம போயி வந்து சேந்துச்சி. நடந்தே வந்து கால்ல வுழறேன்னு சொல்லியிருக்கேன். நான் சொன்னத நான்தான நடக்கணும்? பஸ்ஸுல போனா அது பொய்யாப் போயிடாதா?"

சன்னலுக்குப் பின்னால் மோர்த் தம்ளர் ஒன்று நீட்டியபடியே நின்றது. நான் அதை வாங்கக் கை நீட்டினேன். தம்ளர் உள்ளே போய்விட்டது.

கிரில் கதவு திறந்தது. செல்வாம்பாள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "தள்ளுங்க" என்றார் கணவரிடம். கம்பியைப் பிடித்தபடியே, முனகிக்கொண்டு, ஈரத் தரையில் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார். ஒரு காலை மடக்கினார். இன்னொன்றை மடக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார்.

தணிகாசலம் பதறிப்போனார். "ஏ செல்வா, என்னா பண்ற? கீழ உக்காந்தா ஒன்னால எழுந்திரிக்க முடியாதே. வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்பறம் என்னாத்துக்கு..."

"வலிக்கட்டும்" என்றார் செல்வாம்பாள். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்தது சிரிப்புதான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு பூவாயியின் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை அவள் இழுக்கவில்லை. வெந்நீரை ஒரு கை அள்ளி விட்டு, மண்ணை விரலால் துடைத்துவிட்டு, செல்வாம்பாள் குனிந்து பார்த்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "கண்ணு தெரியல. எங்கம்மா இருக்குது ஆம்பூலு?"

தணிகாசலம் சட்டென்று திரும்பி, சன்னல் கம்பியிலிருந்து பல்பை ஒயரோடு அவிழ்த்தார். மனைவியின் தோளுக்குப் பின்னால் வந்து, மடியில் வெளிச்சம் விழும்படி அதைத் தாழ்த்திப் பிடித்தார். ஹோல்டர் சூடேறிக்கொண்டே வந்திருக்கும். இரண்டு கால்களும் முடிகிறவரை அவர் கையை மாற்றவில்லை.