முக்கொம்பில் குதித்தவர்

எடமலைப்பட்டி புதூரில் ஸ்தனிஸ்லாஸை யாராவது குமாஸ்தா என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். ஒரே ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தவர். அது ஒரு வாரம்கூட ஓடவில்லை என்பது வேறு கதை. அந்தப் படத்தில் முக்கொம்பு மதகின்மேல் இருந்து காவிரியில் குதித்துக் கதாநாயகியைக் கரைசேர்ப்பார். "டூப்பே கிடையாது, நானேதான்" என்று டீக்கடையில் பல வருஷமாக அளந்துகொண்டிருந்தார். கேட்க ஆள் இருந்தால் போதும், மனைவி லூர்துராணி காய்ச்சலில் கிடந்தாலும் வீட்டு நினைப்பு வராது. உண்மையில் குதித்தவன் யாரோ. இவருக்கு முழங்கால் தண்ணீரே பயம். அது லூர்துராணிக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் கோரையாறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. விடிந்தபோது தெருவே ஸ்தனிஸ்லாஸ் வீட்டு மொட்டைமாடியில் நின்றது. எதிரே, மண்சுவர் வீட்டின் ஓட்டுக்கூரையில் மூக்கனும் அவன் மனைவி வள்ளிக்கண்ணுவும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது.

லாரி மெக்கானிக் பரக்கத் அலி சுமாராக நீந்துவார். டியூபும் கயிறுமாக இறங்கப் போனவரை, "நீ இருப்பா, அண்ணன் இருக்கறப்ப உனக்கென்ன?" என்று நிறுத்திவிட்டு எல்லோரும் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார்கள்.

"வேகம் கொஞ்சம் குறையட்டும்" என்றார் அவர், வசனம் பேசுகிற குரலில். குறையவில்லை. மறுபடியும் அதையே சொன்னார். பாவி மனுஷன், அப்போதும் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் பார்த்தார்.

லூர்துராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "மாதாவே! இப்பவாச்சும் வாயத் திறந்து சொல்லுங்களேன்!" என்று கத்திவிட்டாள்.

அவர் வசனக் குரலை விட்டுவிட்டுச் சொன்னார். "எனக்கு நீச்சல் தெரியாது. குதிச்சது வேற ஆளு."

யாருக்கும் திட்டக்கூட நேரமில்லை. பரக்கத் அலி உடனே இறங்கினார். கயிற்றை ஸ்தனிஸ்லாஸ் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை கிழிந்தும் விடவில்லை. வள்ளிக்கண்ணு முதலில் வந்து சேர்ந்தாள். பரக்கத் அலி திரும்பிப் பாதி தூரம் போவதற்குள் சுவர் கரைந்து கூரை சரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் மூக்கனை எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் வள்ளிக்கண்ணு அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் கையில் இன்னும் கட்டு இருந்தது.

"நீங்க கயித்த விடாம பிடிச்சீங்க. அதான் உசுரோட இருக்கேன்" என்று கும்பிட்டாள்.

மாடியில் நடந்ததை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கும்பிடு அவருக்கே நின்றிருக்கும். வாழ்நாளில் முதல்தடவையாக ஸ்தனிஸ்லாஸ் தனக்கு வந்த பெருமையை வேண்டாமென்றார்.

"கும்பிடாதம்மா. நான் உண்மையச் சொல்லாம நின்ன நேரத்துல பரக்கத் அலி ரெண்டு நடை போயிட்டு வந்திருப்பாரு. மூக்கன் போனது என்னாலதான்."

வள்ளிக்கண்ணு கும்பிட்ட கையை இறக்கினாள்.

"அவரு உங்க படத்தப் பாத்திருக்காருங்க" என்றாள். "தண்ணி ஏற ஏற நான் அழுதேன். அவரு உங்களயே காட்டிக் காட்டி, 'அண்ணன் வந்துருவாரு, பயப்படாத'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."