கறிவேப்பிலைக்கும் காசு கேட்கும் ஊர்

ஐயா அவர்கள் எங்களைவிட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஐயாவைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்ட அம்மா, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "உள்ளதை எழுது தம்பி. ஐயா பிழையே விடாத ஆள் எண்டு மட்டும் எழுதிப்போடாதை, வாசிக்கிற சனம் சிரிக்கும்." அம்மாவின் சொற்படியே எழுதுகிறேன்.

ஐயா பிறந்தது கரவெட்டியில். புகையிலைத் தோட்டம் செய்த குடும்பம். ஆறு பிள்ளைகளுக்குப் பிரித்தபோது ஐயாவின் பங்குக்கு வந்த காணியில் ஒரு மாட்டைக் கட்டினால் அது திரும்பிப் படுக்க இடமிராது. ஆகவே வன்னியில், இரணைமடுக் குடியேற்றத்தில் மூன்று ஏக்கர் வயல் கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் வந்தார். வந்த முதல் ஆண்டில் நால்வரும் மாறி மாறிக் காய்ச்சலில் படுத்தோம். விதைத்ததில் பாதியை யானை தின்றது. ஊருக்குத் திரும்பிப் போவோம் என்று அம்மா அழுதபோது ஐயா சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அங்கை தேங்காய் முற்றத்திலை விழும், அரிசிக்குக் கடைக்குப் போகோணும். இஞ்சை அரிசி வீட்டிலை, தேங்காய்க்குத்தான் கடை. ஆர் பெரிய ஆள், சொல்லு பாப்பம்?"

ஊர்களை இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது ஐயாவின் குணம். எங்கே எது மலிவு, எங்கே எது கிராக்கி என்று பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். உண்மையில் எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கியவை மிகக் கொஞ்சம். மண்ணெண்ணெய், சீனி, உப்பு, நெருப்புப்பெட்டி, வருடத்துக்கு இரண்டு தடவை துணி. விறகு காட்டில் கிடந்தது. மீன் குளத்தில் கிடந்தது. முருங்கையிலை வேலியில் நின்றது. ஆகையால் சம்பளம் என்ற ஒன்றை ஐயாவால் நெல்லாக மாற்றித்தான் பார்க்க முடிந்தது. எனக்குக் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர் வேலை கிடைத்த செய்தி வந்த அன்று, சங்கக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் ஐயா அறிவித்தது சம்பளத்தை அல்ல. "மாதம் பதினைஞ்சு புசல் நெல்லு! உழவில்லை, விதைப்பில்லை, யானையுமில்லை!"

இந்தக் கணக்குக்கு ஒரு சாட்சியும் அவரிடம் இருந்தது. அம்மாவின் தமையனார், எங்கள் பெரியமாமா, மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு கரவெட்டிக்குத் திரும்பியவர். மலாயாக் காசு மாதாமாதம் வரும். மாமா மச்சுவீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து சுருட்டுப் பிடிப்பார். அங்கே உழைத்த காசை இங்கே செலவழிக்கும் மனிதரைத்தான் ஐயா பார்த்திருந்தார். உழைக்கிற இடத்திலேயே வாங்கித் தின்ன வேண்டியவனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் தங்கைக்கு நெடுங்கேணியிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர், நல்ல பிள்ளை. தங்கைக்கும் பிடித்திருந்தது. ஐயா சபையில் வைத்தே வாக்குக் கொடுத்துவிட்டார்: "ஒரு வருசத்திலை என்ரை மகன் சீதனமாய்க் கல்வீடு கட்டித் தருவான்." பிறகு எனக்குக் கடிதம் எழுதினார். 'ஆகட்டும் ஐயா' என்று நான் பதில் எழுதினேன்.

என் சம்பளத்தில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உடுப்புத் தோய்க்கிறவருக்கும் போக மிஞ்சியது கொஞ்சம். அதில் ஐயாவுக்கு அனுப்பியது அத்திவாரத்துக்கும் நாலு வரிசைக் கல்லுக்குமே போதுமாயிருந்தது. வருடம் முடிந்தது. அத்திவாரத்தில் புல் முளைத்தது. சம்பந்தி வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். தங்கை வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். ஐயாவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'குதிரை ஓட்டமோ, குடியோ, எது எண்டு மட்டும் எழுது.' நான் பதில் எழுதவில்லை. அதன்பின் நாலு மாதம் அவரும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த போடிங் வாசலில் ஐயா வந்து நின்றார். கையிலே சாக்கு. அதற்குள் அரிசி, கருவாடு, ஒரு போத்தல் தேன். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர், வெறுங்கையோடு வர மனமில்லாமல் அதையும் சுமந்துகொண்டு வந்திருந்தார். போடிங்கை நடத்திய அம்மையார் சாப்பாட்டு நேரம் என்று அழைத்தார். "நான் வெளியிலை சாப்பிட்டிட்டன், நீங்கள் இருங்கோ" என்று ஐயாவை இருத்தினேன். நல்ல பசியோடு வந்தவர். இரண்டாம் தரமும் சோறு கேட்டார். கொழும்புச் சமையலில் உப்பில்லை என்று குறையும் சொன்னார்.

ஐயா கை கழுவிக்கொண்டு நின்றபோது அம்மையார் என்னிடம் கேட்டார். "தம்பி, ஐயா சாப்பிட்டது உம்மடை சாப்பாட்டிலை கழியுதுதானே? விருந்தாள் எண்டு புறிம்பாய்க் கணக்கிலை சேர்க்கிறேல்லைத்தானே?"

அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. அங்கே அதுதான் ஒழுங்கு. ஆனால் வன்னியில் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டதைக் கழிப்பதோ சேர்ப்பதோ கிடையாது. ஐயாவுக்கு அந்தச் சொல் விளங்கவே இல்லை. அம்மையாரையே கேட்டார்.

"கழியுதெண்டால் என்ன பிள்ளை?"

"இண்டைக்கு அவர் தன்ரை சாப்பாட்டை உங்களுக்குத் தந்தவர். அவர் காசு கட்டியிருக்கிறது இராச் சாப்பாட்டுக்கு மட்டுந்தான் ஐயா. ஞாயிறிலைதான் மத்தியானமும்."

"அப்ப மற்ற நாளிலை மத்தியானம்?"

"தேத்தண்ணியும் கடைப் பணிசும் எண்டு நினைக்கிறன்."

ஐயா என்னைப் பார்க்கவில்லை. செருப்பைப் போட்டார். "சந்தை எங்கை?" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்டார், எதையும் வாங்கவில்லை. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழையிலை விலை கேட்டார். கட்டிவைத்த விறகின் விலை கேட்டார். முருங்கையிலை விலை கேட்டார். கடைசியில் நாலு ஈர்க்கு கறிவேப்பிலையைக் கையில் எடுத்து, "இதுக்குமோ?" என்றார். ஐந்து சதம் என்றான் கடைக்காரன். ஐயா அதை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்தார். அன்று மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். மூன்றாம் நாள் ஐயா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, புளியங்குளத்தில் பஸ் மாறி நெடுங்கேணிக்குப் போனார். வாக்கு மாறியவர் என்ற பேச்சுக்கு ஆளாவதைவிடச் சாவது மேல் என்று எண்ணும் மனிதர் அவர். சம்பந்தி வீட்டு முற்றத்தில், அயலவர் நாலைந்து பேர் இருக்க, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னாராம்: "நான் சொன்ன வீடு வராது. பெடியனிலை பிழையில்லை. அவன்ரை சம்பளத்தை நான் எங்கடை ஊர் விலையிலை எண்ணிப்போட்டன். அவன் இருக்கிற ஊரிலை கறிவேப்பிலைக்கும் காசு. சம்மதமெண்டால் பிள்ளையைத் தாறன், இல்லையெண்டால் குறை நினைக்கமாட்டன்."

வெற்றிலைத் தட்டத்தைக்கூடச் சம்பந்தியார் நீட்டவில்லை என்று அம்மா சொன்னார். இத்தோடு சம்பந்தம் முறிந்தது என்றே அம்மா எண்ணியிருக்கிறார். சம்பந்தியாரின் மூத்த மகன், மாப்பிள்ளையின் தமையன், லண்டனில் படித்துக்கொண்டே வேலையும் செய்துகொண்டிருந்தவர்.

"அண்ணை," என்றாராம் சம்பந்தியார் கடைசியில். "கொழும்பிலையே இப்பிடியெண்டால் லண்டனிலை என்ன விலையாயிருக்கும்? அவன் பவுணிலை எழுதினதை நான் ரூபாயாக்கிப் பாத்துப்போட்டு, அனுப்பிறது காணாதெண்டு கோவத்திலை ஒரு வருசமாய்க் கடிதமே போடேல்லை."

அப்படிச் சொன்னவர் எழுந்து உள்ளே போய்க் கடிதத்தாள் தேடினாராம். தங்கையின் திருமணம் அந்த ஆவணியில் எங்கள் மண்வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டு நடந்தது.

அதன்பிறகு மாதம் ஒருமுறை எனக்கு ரயிலில் ஒரு சாக்கு வரும். அரிசிக்கு மேலே கறிவேப்பிலை வாடிப்போய்க் கிடக்கும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஐயா சம்பளத்தைக் கேட்பதில்லை. "விறகு என்ன விலை? தண்ணிக்குக் காசோ?" என்றே கேட்பார். லீவில் வந்த ஒரு டொக்டர் தம்பி இந்தக் கேள்விக்குத் திகைத்துப்போனதை ஊரே சொல்லிச் சிரித்தது.

போன ஆண்டு ஐயா நெஞ்சுநோயால் கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். அந்நாள்களில் இரவுபகல் பாராமல் கவனித்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், வண்டில் கட்டிக்கொண்டு ஓடிவந்த குடியேற்றத்து அயலவர்களுக்கும், நெல் அரிவிவெட்டை நிறுத்திவிட்டு இறுதிக் கிரியைக்கு வந்த உறவினர்களுக்கும், மகனைப்போல் முன்நின்ற நெடுங்கேணி மருமகனுக்கும் அவர்தம் பெற்றோருக்கும், இன்றைய கிரியையில் கலந்துகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி, ஐயாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஆசுப்பத்திரியில் ஆறாம் நாள் அவர் என் கையைப் பிடித்து, "உன்னைச் சந்தேகப்பட்டுப்போட்டன் தம்பி, மனதிலை வைச்சிராதை" என்றார். "அதை விடுங்கோ ஐயா" என்றேன், பெருந்தன்மையோடு மன்னிக்கிறவனைப் போல. 'ஆகட்டும்' என்று எழுதிய அன்றைக்கே கொழும்பு விலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கலாம். ஊரிலே நான் மாதம் பதினைந்து புசல் நெல் எடுக்கிறவன் என்ற பேர் எனக்கு இனித்தது. லீவில் வரும்போது கடன் வாங்கிப் புதுச் சேட்டும் போட்டுக்கொண்டுதான் வந்தேன். ஐயா தன் பிழையைச் சொல்ல இரண்டு பஸ் ஏறிப் போய்ப் பலர் முன்னால் நின்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த என்னால் என் பிழையைச் சொல்ல முடியவில்லை.

அந்த வீடு வராது என்பது எனக்கு முதலிலேயே தெரியும், ஐயா.