மூன்றாம் படுக்கைக்குப் போட்ட ஊசி

காலை ஏழரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. இரவு வேலை பார்த்த சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாக நோயாளியின் நிலையைச் சொல்லிக்கொண்டு வர, நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மலர்க்கொடியின் தம்பி பெயரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் அவள் உயிரோடு இருப்பாள் என்று ஒரு முட்டாள்தனமான நினைப்பு. ஐந்து படுக்கைகளை முடித்த பிறகு திரும்ப அழைத்தேன். "அக்கா போயிட்டாங்க" என்றான். எத்தனையோ வீட்டாரிடம் இதே செய்தியைச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்டபோது, "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு முறை சொன்னேன், அவ்வளவுதான்.

பெரம்பலூரில் எங்களோடு நர்ஸிங் படித்த உங்களுக்கு மலரை நன்றாகவே தெரியும். கீழப்பழுவூர்ப் பக்கத்துப் பெண். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். நம் செட்டில் அவளுக்கு நாம் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. நம் எல்லோருக்கும்தான் முதல் ஊசி போடும்போது கை நடுங்கியது. நாம் அதை மறைத்தோம், அவள் நோயாளியிடமே சொல்லிவிடுவாள். "எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குங்க, ஆடாம இருங்க" என்பாள். நோயாளி சிரித்துவிட்டுக் கையை நீட்டுவார். அதற்காக அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

படிப்பு முடிந்ததும் உண்மையான பயம் ஆரம்பித்தது. நானும் மலரும் ஆளுக்கொரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர், அரியலூர், திருச்சி என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க இருவருக்கும் தைரியமில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. முதல் மூன்று மாதம் என் அப்பா, நான் வீடு திரும்பும்போதெல்லாம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோது வராத பயம், அவர் கேட்காமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனபோது வந்தது. தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கவே கால் கூசும்.

எட்டாவது மாதம் அரியலூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்து போனோம். ஓரிடம், நாங்கள் இருவர். மலரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. அங்கே இன்டர்வியூ என்றால் கேள்வி பதில் கிடையாது. இன்சார்ஜ் சிஸ்டர், மருந்து ஏற்றித் தயாராக வைத்த ஊசியைத் தட்டோடு நீட்டுவார்.

"மூணாம் பெட்டுக்குப் போட்டுட்டு வா. உன் கை எப்படின்னு பாக்கணும்."

"என்ன மருந்துங்க சிஸ்டர்?"

"டாக்டர் எழுதுனதுதான். போ."

"குப்பிய ஒரு தடவ பாத்துக்கறேங்க."

"அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு."

"அப்படின்னா நான் போட மாட்டேங்க சிஸ்டர். பயமா இருக்குங்க."

அடுத்தவர் ஏற்றிய மருந்தைக் குப்பியைப் பார்க்காமல் போடக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். எனக்கும் அது மனப்பாடம். இன்சார்ஜ் சிஸ்டர், "பயப்படுற புள்ளைக்கு எதுக்கு நர்ஸ் வேலை? வூட்டுல போயி பயந்துக்க" என்றார். மலர் ஃபைலை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அதே தட்டு, அதே ஊசி. நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் படுக்கையில் ஒரு பெரியவர், மெலிந்த கை. போட்டேன். "வலிக்கவே இல்லம்மா" என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அவளுக்குக் கிடைக்காமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சற்றுக் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"சுகந்தி, நீ குப்பியப் பாத்தியா?"

"இல்ல."

கீழப்பழுவூர் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அது போன பிறகு சொன்னாள்: "நாளைக்குப் போன ஒடனே அந்தப் பெரியவரப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணு. அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

எனக்கும் இறங்கவில்லை. வீட்டில் அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அப்பா மாதக்கணக்கில் இல்லாத குரலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஊசியில் என்ன இருந்தது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. மறுநாள் காலை படியேறிப் போய்ப் பார்த்தால் மூன்றாம் படுக்கை காலி. விரிப்புகூட மாற்றியிருந்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடம் கேட்பது, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே என்று அதற்கும் பயம். கூட்ட வந்த அம்மாதான் போகிறபோக்கில் சொன்னார், பெரியவர் நேற்றுச் சாயங்காலமே குணமாகி மகனோடு ஊருக்குப் போய்விட்டாராம். மாடிப்படிக்குக் கீழே நின்று மலருக்கு போன் செய்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு அப்படித்தான் விடிந்தது.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைக்கவில்லை. கீழப்பழுவூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றாள். அப்புறம் பெரம்பலூரில் டயாலிசிஸ் பிரிவு ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள், கடைசி வரை அங்கேதான் இருந்தாள். எப்போது போன் செய்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். "குப்பியப் பாத்தியா?" என்பாள். பல நாள் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன், "என் மேல உனக்குக் கோபமே இல்லையாடி?"

"ஏன் இல்லாம? இருக்கு. பாதி உன்மேல, பாதி அந்த இன்சார்ஜ் மேல. ஆனா நீயும் பயத்துலதான போட்ட, நானும் பயத்துலதான போடல" என்றாள்.

அவள் பயந்தது அந்தப் பெரியவருக்காக. நான் பயந்தது என் அப்பாவின் மௌனத்துக்கு. இந்த வித்தியாசத்தை அவள் ஒருபோதும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அதே நர்ஸிங் ஹோமில் இன்றைக்கு நான்தான் இன்சார்ஜ். பழைய சிஸ்டர் போனார், தட்டு போகவில்லை. வேலை தேடி வரும் பெண்களிடம் ஏற்றி வைத்த ஊசியை நானே நீட்டினேன். "இப்பல்லாம் அதுல வெறும் சலைன் தண்ணிதான்டி" என்று மலரிடம் சமாதானம் சொன்னேன். "அது சலைன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நர்ஸிங் ஹோமை நடத்தும் டாக்டர் மாற்ற விடமாட்டார் என்றேன். அவரிடம் நான் கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை.

சென்ற மாதம் திருச்சியில் அவளைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்குப் போனேன். ரத்தப் புற்றுநோய். கை குச்சியாகியிருந்தது. அவளைப் பார்க்கப் பயந்து வராண்டாவிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனபோது ஒரு சின்னப் பெண் ஊசியோடு வந்தாள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, சீருடையின் மடிப்பு கலையவில்லை. மலர் கண்ணைத் திறந்து, "குப்பியக் கொண்டாம்மா, பாத்துட்டுப் போடு" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். சரியான மருந்துதான். பேரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மலர் கையை நீட்டினாள்.

"கை நடுங்குதாம்மா?"

"ஆமாங்கக்கா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பரவால்ல, போடு."

அந்தப் பெண் போன பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் கொண்டுபோன சாத்துக்குடியை உரித்துக்கொண்டே இருந்தேன்.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எங்கள் நர்ஸிங் ஹோமில் இன்டர்வியூ இருந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண் ஒருத்தி, படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் நான் வெற்று ஊசியை வைத்தேன். பக்கத்தில் மூடி திறக்காத குப்பி. அதன் பக்கத்தில் டாக்டர் எழுதிய சீட்டு. அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று யோசித்திருப்பாள். "நீங்களே படிச்சுப் பாத்து எடுங்கம்மா, அவசரமில்ல" என்றேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன சிஸ்டர் இவ்வளவு நேரம்? எப்பவும் போல லோட் பண்ணிக் குடுத்துட வேண்டியதுதான?"

நான் ஒருத்தி சம்பாதித்து நடக்கிற குடும்பம் என்னுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லை நான் மறுத்ததே இல்லை.

"இனிமே அப்படிக் குடுக்க மாட்டேங்க டாக்டர். பயமா இருக்குங்க" என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இதை எழுதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் காலையில் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போகிறேன்.

மலர், உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தப் பயத்தை மட்டும்தான். இத்தனை வருடம் என்னிடம் இருந்தது வேறு பயம்.

அன்றைக்கு அந்தப் பெண் குப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மருந்தின் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். மூன்றாம் படுக்கைக்கு அவளோடு நானும் நடந்தேன்.