சூடம் அணைக்காத சத்தியம்

சாமி இல்லாமலேயே மனிதன் யோக்கியனாக இருக்கலாம் என்று வகுப்பிலும் டீக்கடையிலும் வாய் ஓயாமல் பேசியவன் நான். பொன்னமராவதிப் பக்கத்து ஊர்களில் என்னைச் ‘சாமி இல்லாத வாத்தியார்’ என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒன்பது வயதில் என் ஒரே மகள் காய்ச்சலில் இறந்ததோடு கும்பிடுவதை விட்டுவிட்டேன். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த பதினோரு நாளும் என் அண்ணன் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். கடைசி நாள் அவளைத் தூக்கி வந்ததும் அவர்தான். எனக்குக் கை வரவில்லை.

எங்கள் வயலுக்குப் பின்னால் ஒரு அம்மாவுக்கு வயல் இருந்தது. அதற்கு வண்டி போக, எங்கள் தென்வரப்பை ஒட்டிப் பாதை விடுவதாக அப்பா அவருடைய கணவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். பத்திரம் கிடையாது. அப்பா சொன்னபோது பக்கத்தில் நின்றது அண்ணனும் நானும் மட்டும். அப்பா போனார், அந்தக் கணவரும் போனார். அண்ணன் பாதையை உழுது தைலமரக் கன்று நட்டுவிட்டார். அதோடு அந்த அம்மாவின் வயலுக்கு டிராக்டர் போக வழியில்லை. அவர் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டார்.

பத்திரம் இல்லாத வழக்குக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அய்யனார் கோயில் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, இல்லை என்கிறவர் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யாக அணைத்தால் குலம் அற்றுப்போகும் என்பது நம்பிக்கை. பாதையை உழும்போது அண்ணனுக்கு அய்யனார் நினைவு வரவில்லை. சூடம் என்றதும் வந்தது. என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஒனக்குத்தான் சாமியே இல்லையேடா. நீ அணைச்சா ஒனக்கு என்ன ஆகப்போகுது? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். சரி என்றேன்.

மறுநாள் காலை, மண்குதிரைகளுக்கு முன்னால் ஊர் கூடியது. கல்லின் மேல் சூடம் எரிந்தது. சாமி கும்பிடாத ஆளின் சத்தியத்தை எப்படி ஏற்பது என்று ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது அந்த அம்மாதான்.

“சாரு சாமி கும்பிட மாட்டாக. ஆனா பொய் சொல்ல மாட்டாக. அவுக சூடம் அணைக்க வேணாங்க. வாயால சொன்னாப் போதும்.”

அந்த நேரத்தில்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதிரே அண்ணன் கும்பிட்ட கையோடு நின்றிருந்தார்.

“அப்பா பாதை விடலை,” என்றேன்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சூடம் தானாக எரிந்து அடங்கியது.

அந்த வருடமே அண்ணன் அய்யனாருக்கு நேர்த்தியாக இரண்டு மண்குதிரை எடுத்து வைத்தார். சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டதாகவும் இப்போது தூக்கம் வருவதாகவும் என்னிடம் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது, பொறாமையாகவும் இருந்தது. தண்டிக்க ஆள் இல்லை என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார். மன்னிக்கவும் ஆள் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பாதை இல்லாத அந்த வயலில் கருவேலம் மண்டியது. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தார். வழியில் பார்த்தால் அப்போதும் எனக்கு வணக்கம் சொல்வார். நான் சந்து மாறிப் போகப் பழகிக்கொண்டேன்.

போன பங்குனியில் அண்ணன் இறந்தார். கருமாதி முடிந்த மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். அந்தப் பாதை விஷயம் என்று இழுத்தேன்.

“அதை விடுங்க சார். ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. எங்க வீட்டுக்காரவுக எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காக, அதான் ஆறலை. ஒங்க அப்பா பாதை விட்டாருன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக.”

சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. அவர் கணவரின் படம் அலமாரிக்கு மேல், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

“பொய் சொன்னது அவர் இல்லைம்மா,” என்றேன். “நான்தான்.”

அவர் என்னைத் திட்டவில்லை, போகவும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்க உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவர். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் படத்திடம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.