பஜார் ரோட்டைத் திறந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. அவருக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். யார் கையையும் எதிர்பாராமல் தன் முயற்சி ஒன்றாலேயே முன்னுக்கு வந்த தலைவர் என்றார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கேட்டிருந்தால் எழுந்து நின்று, "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றிருப்பார். அவர் இல்லை, அதனால் அவருடைய தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

அண்ணன் பிறந்தது பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட்டில், குதிரை லாயங்களுக்குப் பின்னால் இருந்த எங்கள் லைனில். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பட்டாளத்தோடு பிழைக்க வந்த ஆதிதிராவிடக் குடும்பங்கள் அங்கே வரிசையாகக் குடியிருந்தன. எங்கள் தந்தையார் ஒரு துரையிடம் குதிரைக்காரராக இருந்தார். தாயார் பிளேக்கில் காலமானபோது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு மூன்று. தந்தையார் பொழுது விடியுமுன் லாயத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எங்களை வளர்த்தது யார்? லைன்தான் வளர்த்தது.

அண்ணனுக்கு இருந்தது ஒரே சட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை அதைக் கழற்றி வாங்கித் துவைத்து, மறுநாள் காலையில் பளிச்சென்று கொடுப்பார். பள்ளிக்கூடம் பஜார் ரோட்டைத் தாண்டி இருந்தது. வழியில் சில பையன்கள் அண்ணனைக் கல்லால் அடித்தார்கள். அதற்காக லாயத்து ஆட்கள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவராக அவரோடு பள்ளிக்கூட வாசல்வரை நடந்தார்கள். ஒரு துரை வீட்டு பட்லர் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். மெட்ரிகுலேஷன் பரீட்சை நெருங்கியபோது, லைனில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. எங்கள் லைனாவது, சண்டை போடாமல் இருப்பதாவது! அடக்க முடியாதவர்கள் அல்சூர் ஏரிக்கரைக்குப் போய், ஆசை தீரத் திட்டிக்கொண்டு, ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். அண்ணன் பாஸ் செய்தார்.

பிறகு பட்டாள ஸ்டோர் ஆபீஸ் ஒன்றில் ரைட்டர் வேலை கிடைத்தது. கோட்டும் தலைப்பாகையும் வந்தன. நல்ல இடத்தில் வீடு பார்த்துத் தருகிறோம் என்று சிலர் சொல்லியும் அவர் லைனை விட்டுப் போகவில்லை. எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். மகா கோபக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு இந்தப் பக்கம் நகர்ந்து வரும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஓர் அவமானம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பஜார் ரோட்டில் நாங்கள் மூட்டை தூக்கலாம், குப்பை அள்ளலாம். எங்கள் பிணம் மட்டும் அந்த வழியே போகக் கூடாது. தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கரை வழியாகத்தான் இடுகாட்டுக்குப் போக வேண்டும். அப்படி ஒரு சட்டம் இல்லை. பஜார் பெரிய மனிதர்கள் வைத்த வழக்கம். ஒரு மழைக்காலத்தில் அஞ்சலை அத்தையின் கணவரை எடுத்துப் போனபோது, தூக்கியவர்களுக்குக் கால் வழுக்கி, பாடை சாக்கடைக்குள் சரிந்துவிட்டது. இறங்கி மாமாவைச் சேற்றிலிருந்து தூக்கியவர்களில் அண்ணனும் ஒருவர். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஜெர்மன் யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து எங்கள் தந்தையார் காலமானார். இழவு வீட்டுக்குப் பஜாரின் மண்டிக்காரர் வந்தார். பஜாரில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் லைனுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ரைட்டரே, நீங்க ஆபீஸ்ல இருக்கறவரு, நாலு பேருக்கு வேண்டியவரு. உங்க நைனாவ ரோட்டு வழியாவே எடுத்துகினு போங்க. நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா உங்க வீட்டுக்கு மட்டும்தான்."

எனக்கு அந்தத் துக்கத்திலும் பெருமை தாங்கவில்லை. அண்ணன் கேட்டார்: "நாளைக்கு எங்க லைன்ல வேற யாராச்சும் செத்தா?"

"அது வேற, இது வேற."

"அப்போ வேணாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "அடப் பாவி! பெத்த நைனா சாக்கடையோரமா போவணுமா? அவரே வந்து குடுக்கறாரு, வாங்கிக்கயேண்ணா!"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தோ, அஞ்சலை அத்தை நிக்கறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து இத சொல்லு பாக்கலாம்."

நான் பார்க்கவில்லை. தந்தையாரைச் சாக்கடைக் கரை வழியாகவே எடுத்துப் போனார்கள். அதன் பிறகு நான் அண்ணனோடு பேசவில்லை. அதே லைனில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தவள், அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் மனு எழுத உட்கார்ந்தார். பஜார் ரோடு பொது ரோடு, யாருடைய பாடையையும் அங்கே தடுக்க முடியாது என்று அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்க வேண்டும் என்பதே அவர் பிடிவாதம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வாங்கினார். மனு திரும்பி வந்தால் மறுபடி எழுதினார். ஆபீஸில் பெரிய குமாஸ்தா கூப்பிட்டு மிரட்டினார். அண்ணனுக்கு வர வேண்டிய உயர்வு அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. லைன் ஆட்களுக்கு மண்டியில் வேலை இல்லை என்றானதும், எங்களவர்களே சிலர் வந்து கேட்டார்கள்.

"எதுக்கு ரைட்டரு இந்தப் பேஜாரு? செத்தவனுக்கு எந்த ரோடா இருந்தா இன்னா?"

"செத்தவனுக்கு ஒண்ணும் இல்லய்யா. தூக்கினு போறவனுக்குத்தான்" என்றார் அண்ணன்.

மூன்று வருடம் கழித்து உத்தரவு வந்தது. வந்த மறு வாரம் முனியம்மா இறந்தாள். லாயத்தில் சாணம் அள்ளியவள். உற்றார் உறவு கிடையாது, குடிப்பழக்கம் உண்டு, வாயைத் திறந்தால் வசவு. லைன் பெரியவர்கள் தயங்கித் தயங்கி அண்ணனிடம் வந்தார்கள்.

"மொதமொதல்ல ரோட்டு வழியா போற சாவு. போயும் போயும் இவளா? நல்ல சாவா ஒண்ணு வரட்டும் ரைட்டரு. இவ பழைய வழியிலயே போவட்டும்."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "நல்ல சாவு வேணுமா? இருங்க, நான் சாவறேன்!" என்று கத்தினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் போனா அது ரைட்டரு போன ரோடு. முனியம்மா போனாத்தான்யா அது எல்லாருக்கும் ரோடு."

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடைக்கு முன்பக்கம் அவரே தோள் கொடுத்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். நாங்கள் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூப்பிடு தூரத்தில், பஜார் தொடங்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் தடியோடு நின்றார்கள். நடுவில் மண்டிக்காரர்.

"ரைட்டரே, இது யாரு? உங்களுக்கு இன்னா முறை?"

"எங்க வீட்டு சாவுங்க. வழி விடுங்க."

யாரும் அசையவில்லை. அப்போது அஞ்சலை அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோய்ப் பாடைக்கு முன்னால் நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நானும் போனேன். என் பின்னால் லைன் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மண்டிக்காரர் எங்களைப் பார்த்தார், தடிக்காரர்களைப் பார்த்தார். பிறகு ஒதுங்கினார்.

திரும்பி வந்த அண்ணனுக்குக் கைகால் கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "இப்பவாச்சும் பேசுவியா?" என்று கேட்டார். நான் அழுதேன். அன்று சலுகை கேட்ட என் வாயை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் எங்களையும் எல்லோரோடும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்காகவும், எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகவும் அண்ணன் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கடைசி ஆறு மாதம் மூச்சிரைப்பால் படுத்திருந்தார். படுக்கையிலும் மனு சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள்.

அவரை வேளாவேளைக்குப் பார்த்துச் சென்ற டாக்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த லைன் பெண்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இந்த நினைவு மலரை அச்சிட்டுக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. சென்ற வருடம் அண்ணனைப் பஜார் ரோட்டு வழியே எடுத்துப் போனபோது ஒருவர் காப்பிக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வாடிக்கைக்காரரிடம் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். யாருடைய சாவு, எந்த லைன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையைக்கூடத் தூக்காமல் தங்கள் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் கைகூப்பிய நன்றி.