அவருக்கு மிஞ்சிய ஒரே சொல்

என் கணவரோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. யார் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் கெடையாதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாணமான புதிதில் என் அப்பா மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னதற்கும் அதையே சொன்னார். அன்றைக்கு மழை வந்தது. அதற்காக அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற பக்கம் அவருக்கு வேலை. வேலை முடிந்ததும் ராகலைக் கடைவீதிக்குப் போய், நானாவின் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவார். நானா முஸ்லிம், அவருடைய வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடை இருக்கிறது. தினமும் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். உரத்தை ஏன் நிறுத்தினார்கள், நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளில் வரிசைக்கு வரிசை ஏன் சர்க்கரை வியாதி, தோட்டத்து மருந்துச்சாலையில் ஏன் டாக்டர் தங்குவதில்லை, நாடு யார் கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுப் பேசுவார்கள். எந்தக் கட்சிக்கும் அவர் ஆள் இல்லை. எல்லாரையும் ஒரே கத்தியால் அறுப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சு முழுவதையும் என்னிடம் மறுபடியும் நடத்துவார். நான் அப்போது பிள்ளைமடுவத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பகலெல்லாம் அழுகுரல் கேட்ட காதில் சாயந்தரம் அவர் குரல் விழும். நானும் சும்மா இருக்கமாட்டேன்.

"மலையில நிக்கிறது பூரா பொம்பளைங்க. எந்தத் தோட்டத்துலயாவது பொம்பள தலைவரா இருக்காங்களா? அதப் பேசுனீங்களா நானா கடையில?"

அவர் குனிந்து சோற்றைப் பிசைவார். மறுநாள் அதே கேள்வியைத் தன் கேள்விபோலக் கடையில் கேட்டிருப்பார். நானாவின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோபமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு தேர்தலுக்கு முன்னால் எங்கள் தோட்டத் தலைவர் லயத்துக்குக் கூரைத் தகரம் கொண்டுவந்தார். தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் எல்லாம். தகரத்தை இறக்கிவைத்துவிட்டு, "ஐயாவ மறந்துறாதீங்க" என்றார். ஐயா என்றால் அவர் கட்சி வேட்பாளர்.

"தகரம் மழைக்கு, ஓட்டு எனக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க தலைவரே" என்றார் என் கணவர்.

சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் அந்த வரிசையில் எங்கள் வீட்டுக் காம்பராவுக்கு மட்டும் தகரம் வரவில்லை.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஆஸ்பத்திரியில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் இல்லாமல் போனது. வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்குகிற விலையிலா இருந்தது? அவர் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டார். வயிற்றில் பாதி மாத்திரையோடு, மருந்துத் தட்டுப்பாட்டுக்கு யார் காரணம் என்று நானா கடையில் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் முகம் கழுவப் போனவர் பைப்படியிலேயே சரிந்தார். தோட்டத்து லொறியில் போட்டு நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. மூன்றாவது நாள் வாயைத் திறந்தார். நான் குனிந்து கேட்டேன்.

"சரி" என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்றேன். "சரி." வலிக்கிறதா என்றேன். "சரி." நான் யார் தெரிகிறதா என்று கேட்டபோது கண் நிறைந்து வழிந்தது, அப்போதும் அந்த வாய் "சரி, சரி" என்றது. சிங்களப் பெண் டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு எல்லாம் விளங்கும். சொல்லத்தான் ஏலாது. இந்த ஒரு சொல்லு மட்டும் மிஞ்சியிருக்கு."

வாழ்நாளில் அவர் அதிகம் சொல்லாத சொல் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு கோல் ஊன்றி நடக்கப் பழகினார். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த வித்தியாசங்களை நான் பழகினேன். வெட்டிச் சொன்னால் வேண்டாம். இழுத்துச் சொன்னால் பசி. இரண்டு தரம் வேகமாகச் சொன்னால் நான் சொல்வது முட்டாள்தனம். செய்திக்கு ரேடியோவைப் போட்டால் மந்திரி பேசப் பேச இவர் "சரிசரிசரி" என்று கத்துவார். எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கும் கோணிய வாயில் சிரிப்பு வரும். அந்த இரண்டு மூன்று மாதத்தை நான் கெட்ட காலம் என்று சொல்லமாட்டேன்.

பிறகு நானா கடைக்குக் கூட்டிப்போனேன். அதே அரிசி மூட்டை. அதே ஆட்கள். முதல் நாள் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவன் கண்டுபிடித்தான்.

"அண்ணே, நாட்ட வித்துட்டு எல்லாரும் கப்பலேறிருவமா?"

"சரி!" என்று அதட்டினார் இவர். கோபம் முகத்தில் தெரிந்தது.

"பாத்தீங்களா, அண்ணனே ஒத்துக்கிட்டாரு."

கடையே சிரித்தது. அதற்குப் பிறகு அது தினப்படி விளையாட்டாகிவிட்டது. இத்தனை வருஷமும் அவரிடம் வாயடைத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவர் வெறுத்த ஒவ்வொன்றையும் அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்தார்கள். "சம்பளம் போதும்தானே அண்ணே?" "சரி!" "லயத்துலயே இருந்துருவோம், என்னா?" "சரி!" அவர் கத்தக் கத்த அவர்கள் குலுங்கினார்கள். நானாவும் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

"இனிமே அங்க போகவேணாங்க" என்றேன். வெட்டி ஒரு "சரி." போவேன் என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தை விட்டால் அவருக்குப் போக இடம் கிடையாது.

அடுத்த தேர்தல் வந்தபோது தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நோயாளிகளுக்கு ஐயா சக்கர நாற்காலி கொடுக்கிறார் என்றார்.

"அவருதான் நடக்குறாரே" என்றேன்.

"போட்டோவுக்குத் தங்கச்சி, ஒரு அஞ்சு நிமிஷம். என்னாண்ணே, வர்றீங்கதானே?"

"சரி!" அடித்தொண்டையிலிருந்து வந்தது. கோலைத் தரையில் குத்தினார்.

"அவரு வேணாங்கிறாரு, தலைவரே."

"என்னா தங்கச்சி, அவரே சரின்னுட்டாரு. நீ என்னா குறுக்க?"

கோயில் மைதானத்தில் இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாலை போட்டார்கள். ஐயா குனிந்து, "நம்ம பக்கம் வந்துட்டீங்க, சந்தோஷம்" என்று மைக்கில் சொன்னார். மைக்கை இவர் வாயருகே நீட்டினார்கள். மலை முழுக்கக் கேட்கும்படி இவர் "சரி! சரி! சரி!" என்று அலறினார். கை தட்டினார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவர் பிடரி நரம்பு புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கலைந்ததும் நாற்காலியை வந்த வேனிலேயே மடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் கோல் ஊன்றிப் படியேறி வீட்டுக்கு வந்தார்.

படம் ஃபேஸ்புக்கில் வந்தது. கடையில் ஒருவன் போனை இவர் முகத்துக்கு நேரே பிடித்து, கீழே எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தான். "அண்ணன் கட்சி மாறிட்டாரு, இல்லையா அண்ணே?"

இவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்துவிட்டு அவனுக்கு அலுத்துப்போனது.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். பயிற்சி கொடுக்கிறவள் பசு, குடை, கோப்பை என்று படமாகக் காட்டினாள். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க ஐயா. சொல்லாம இருந்தா உள்ளதும் போயிரும்." இவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு தரம் போனோம். பிறகு அவளே இனி வரத் தேவையில்லை என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஊர்க்காரனுக்குச் சொல்லவேணாம். எனக்குக்கூடவா? சோறு போடவான்னு கேட்டா ஒரு சத்தம் தரக்கூடாதா? செவுத்தோட குடும்பம் நடத்தவா என்னக் கட்டுனீங்க?" முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுப் போடுகிற நாளில் பள்ளிக்கூட வாசலில் தலைவர் காத்திருந்தார். "நான் கூட்டிப்போறேன், அண்ணனுக்குக் கை ஏலாது" என்று தோளைப் பிடித்தார். இவர் இடது முழங்கையால் அவர் நெஞ்சைத் தள்ளிவிட்டுத் தனியாக உள்ளே போனார். வெகு நேரம் கழித்து வியர்த்துப்போய் வெளியே வந்தார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

சாயந்தரம் பைப்படியில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணன் நமக்குத்தான் போட்டாரு. எங்கிட்டத் தலையாட்டுனாரே."

நான் குடத்தைக் கீழே வைத்தேன். "பெட்டிக்குள்ள போட்டது பொண்டாட்டி எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நெஞ்சுல குத்துனத மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் குடத்தை எடுத்துக்கொண்டு நிறையாமலே நடந்தாள். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புருஷன் வாய் ஒனக்கு வந்துருச்சா?" என்றார்.

அடுத்த மாதம் பிள்ளைமடுவத்துக்கு வேறொருத்தி வந்தாள். தலைவரின் அண்ணன் மகள். என்னை மலைக்குப் போகச் சொன்னார்கள். காரணம் கேட்டேன். ஆள் மாற்றம் என்றார்கள்.

இப்போது ஐம்பத்திரண்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போகிறேன். அட்டை கடித்த காலோடு வந்து அவருக்குக் கால் பிடித்துவிடுகிறேன். காலையில் அவரைக் கழுவி, சட்டை மாட்டி, ரொட்டியும் பிளேன்டீயும் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்துவதற்கு முன்னால் போய்வருகிறேன் என்று சொல்கிறேன். முன்பெல்லாம் ஏதாவது சத்தம் வருமா என்று கொஞ்சம் நின்று பார்ப்பேன். இப்போது பெரட்டில் பெயர் பதிய நேரமாகிவிடும், சொன்ன கையோடு இறங்கிவிடுகிறேன்.